சாவி பூங்கனிகிட்ட இருக்கு

தங்கச்சி, ஒரு வாய் தண்ணி குடிக்கிறியா? எச்சி படல, அண்ணாந்துதான் குடிச்சேன். வேணாமா? ஏறுனதுல இருந்து பாத்துக்கிட்டுத்தான் வர்றேன், நாக்க வச்சு ஒதட்ட நனைச்சுக்கிட்டே வர்ற. உன் பையிலயும் பாட்டில் இருக்கு, மூடியத் தொறக்கல. எனக்குத் தெரியாதா? குடிச்சா ஒண்ணுக்கு வந்துரும், மதுரை போய்ச் சேர்ற வரைக்கும் பஸ்ஸ எவன் நிறுத்தப் போறான். அதான? பொம்பளையாப் பொறந்த எல்லாருக்கும் இதே கணக்குத்தான். நானும் இருவது வருசமா அந்தக் கணக்குலதான் இருந்தேன்.

இப்ப இல்ல. இப்பக் குடிப்பேன். இந்தப் பாட்டில் காலியாச்சுன்னா கூடைக்குள்ள இன்னொண்ணு இருக்கு. கோவத்துல சாராயம் குடிச்சவனப் பாத்திருப்ப, மருந்தக் குடிச்சவளப் பாத்திருப்ப. ஒருத்தனப் பழி வாங்கணும்னே தண்ணி குடிச்சவளப் பாத்திருக்கியா? இந்தா, பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்.

சிரிக்காத. நெசமாத்தான் சொல்றேன்.

நான் பால்வாடி டீச்சர். ஊரு கீழவேலங்குளம். உனக்குத் தெரியாது, பஸ்ஸே மெயின் ரோட்டுலதான் நிக்கும். இருவது இருவத்தஞ்சு பிள்ளைக. நான் ஒருத்தி, சமையலுக்கும் கூடமாட ஒத்தாசைக்கும் பூங்கனின்னு ஒருத்தி. அம்புட்டுத்தான் ஆளு. எதுத்த வீடு யார் வீடுங்கிற? வார்டு மெம்பர் காசிராசன் வீடு. பேரச் சொன்னாலே நாக்கு கசக்குது. இரு, ஒரு வாய் குடிச்சுக்கிறேன்.

எங்க கட்டடத்துக்குப் பின்னால ஒரு கக்கூஸ் கட்டுனாக. நல்லாத்தான் கட்டுனாக, குத்தம் சொல்லக் கூடாது. பிள்ளைக உக்கார்றாப்புல சின்னதா ஒண்ணு, பெரியவுகளுக்கு ஒண்ணு, செவத்துல கிளி, முயல், காரட்டெல்லாம் வரைஞ்சு. தெறப்பு விழா அன்னிக்கு ரிப்பன் வெட்டி போட்டோ எடுத்தாக. கூட்டம் கலைஞ்சதும் இவன் கதவச் சாத்தி ஒரு பூட்டப் போட்டான். 'பைப்பு கனெக்சன் வரட்டும் டீச்சர், இல்லாட்டி பிள்ளைக அசிங்கம் பண்ணிரும்'னான். கனெக்சன் வந்துச்சு. பூட்டு போகல. உள்ள என்ன வச்சிருந்தான் தெரியுமா? சிமிண்டு மூட்டை, கட்சிக் கொடிக் கம்பு, பொங்கலுக்குக் கட்டுற சீரியல் பல்பு. அவன் சாமானுக்கு எங்க கக்கூஸ் குடோனு.

நான் போய்க் கேப்பேன். 'மெம்பரண்ணே, சாவி குடுங்கண்ணே, பிள்ளைக கஷ்டப்படுது'ன்னு. அவன் சேர்ல சாஞ்சு காத சொரிஞ்சுக்கிட்டே, 'சாவி தம்பிகிட்ட இருக்கு டீச்சர், நாளைக்கு வாங்க'ம்பான். மறுநா போவேன். 'தம்பி வெளிய போயிருக்கான், நாளைக்கு வாங்க.' அந்தத் தம்பி கெடக்கான் திருப்பூர்ல. தீவாளிக்குத் தீவாளி வர்றவன். இவன் பொண்டாட்டி வேலுத்தாயி நடையில நின்னு கேட்டுக்கிட்டே இருப்பா. 'ஏங்க, பாவம் குடுத்து விடுங்க'ன்னு ஒரு வார்த்தை வராது. நான் திரும்பி நடக்கிறப்ப முதுகுக்குப் பின்னால களுக்குன்னு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு இருக்கு பாரு, அத நான் மறக்கல. மூணு வருசமா மறக்கல.

சரி, நாங்க என்ன செய்றது? பிள்ளைகள ஓடைப் பக்கம் கருவேலமரத்துக்குள்ள விடுவோம். முள்ளுக் குத்தும், அது பாட்டுக்கு அழுதுக்கிட்டே போய்ட்டு வரும். நானும் பூங்கனியும்? முன்னால ரோடு, பக்கத்துல டீக்கடை, அந்தப் பக்கம் ஆம்பளைக உக்காந்து சீட்டாடுற கொட்டாய். எங்க போறது? அதனால தண்ணியே குடிக்கிறதில்ல. காலையில வீட்டுல ஒரு வாய் காப்பி, பெறகு பொழுது சாஞ்சு வீட்டுக்குப் போய்த்தான் அடுத்த வாய். பூங்கனி பாவம், அடுப்புல நின்னு வெந்து ஒதடு வெடிச்சுப் போய்க் கெடப்பா. எனக்கு நீர்க்கடுப்பு வராத மாசம் கெடையாது. ஊசி வச்சுக் குத்துறாப்புல இருக்கும். பார்லியக் காச்சிக் குடிச்சுட்டு மறுநா வேலைக்கு வந்துருவேன். அந்தப் பார்லியக் கூட சாயங்காலத்துக்கு மேலதான் குடிப்பேன். காலையில குடிச்சா வம்பு.

ஆனா பிள்ளைகளுக்குக் கொறை வைக்கல தங்கச்சி. தண்ணிப் பாட்டு சொல்லிக் குடுத்தேன். 'மடக்கு மடக்கு தண்ணி குடி, மயிலு போல ஆட்டம் ஆடு'ன்னு. நானே இட்டுக்கட்டுனது. டம்ளரத் தூக்கிப் பிடிச்சு ஆடிப் பாடிக் காட்டுவேன். காட்டிட்டு ஒதட்டுல ஒத்தி 'ஆஆ'ன்னுட்டு, மிச்சத்த முருங்கமரத்துத் தூர்ல ஊத்திருவேன். உள்ள எறங்குனாத்தான வம்பு.

அப்பத்தான் ஜெசிந்தா சிஸ்டர் வந்தாக. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சு. புதுசா ஏதோ திட்டமாம், பிள்ளைக ஒடம்பப் பாக்கிறதுக்கு முன்னால, பிள்ளைகளப் பாத்துக்கிறவுக ஒடம்பப் பாக்கணுமாம். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இத்தன வருசத்துல பிள்ளைகள நிறுக்க வந்தாக, அளக்க வந்தாக, முட்டைய எண்ண வந்தாக. நீ எப்பிடிம்மா இருக்கன்னு ஒருத்தர் கேட்டதில்ல. பூங்கனி கையில பட்டையச் சுத்திப் பிரஷர் பாக்கவும் அவ அழுதுட்டா. 'வலிக்குதா?'ன்னு சிஸ்டர் பதறிப் போனாக. 'இல்லம்மா, என்னயத் தொட்டு விசாரிக்கிறீகளே'ங்கிறா அவ. அவ அப்பிடித்தான், தொட்டதுக்கெல்லாம் எளகிருவா.

என் மொறை வந்துச்சு. நீர்க்கடுப்பு உண்டான்னு கேட்டாக. அதெல்லாம் இல்லன்னேன். தண்ணி நல்லாக் குடிப்பீங்களான்னாக. 'நெறையாக் குடிப்பேன் சிஸ்டர், பிள்ளைகளுக்கே நான்தான சொல்லிக் குடுக்கேன்'னேன். அவுக என் ஒதட்டப் பாத்தாக. பிள்ளைக பக்கம் திரும்பி, 'குட்டிகளா, டீச்சர் எப்பிடித் தண்ணி குடிப்பாங்க, செஞ்சு காட்டுங்க பாப்போம்'னாக.

அம்புட்டுப் பிள்ளைகளும் எந்திரிச்சுச்சு. டம்ளரத் தூக்குச்சு. ஒதட்டுல ஒத்துச்சு. 'ஆஆ'ன்னுச்சு. வரிசையாப் போய் முருங்கமரத்துல ஊத்திட்டு வந்து சமத்தா உக்காந்துச்சு. ஒரு பிள்ளை தொண்டையில ஒரு சொட்டு எறங்கல. தெனமும் அப்பிடித்தான் நடந்திருக்கு, நான் கவனிக்கல. முருங்க மட்டும் தளதளன்னு நிக்குது, அத என் கைராசின்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

'டீச்சர், நீங்க பாடுறத அதுக கேக்கல. நீங்க செய்றதப் பாத்துக்கிட்டே இருக்கு. மொதல்ல நீங்க குடிங்க'ன்னாக சிஸ்டர். 'குடிச்சுட்டு எங்க போறது?'ன்னேன். கூட்டிட்டுப் போய் அந்தப் பூட்டக் காட்டுனேன். 'விடாமக் கேளுங்க டீச்சர்'னு சொல்லிட்டுப் போனாக.

அந்த வாரமே நிவிஷாவுக்குக் காச்சல். தீப்பெட்டி ஆபீசுக்குப் போற சோலைமணி மக. இருக்கிறதுலயே சின்னது, பூனைக்குட்டியாட்டம் இருக்கும். என் முந்தானையப் பிடிச்சுக்கிட்டேதான் திரியும். ஒண்ணுக்குப் போறப்ப வீல்னு கத்துச்சாம். மதுரைக்குத் தூக்கிட்டுப் போனாக. கிருமி கிட்னி வரைக்கும் ஏறிருச்சுன்னு படுக்கையில போட்டுட்டாக. சோலைமணி பால்வாடி வாசல்ல வந்து நின்னு கேட்டா. 'டீச்சர், என் பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க உங்களுக்குக் கை வலிச்சுச்சா?' ஊரே பாத்துச்சு. எதுத்த நடையில வேலுத்தாயி நின்னா. களுக்.

எனக்கு ஒடம்பெல்லாம் தீயாப் பத்திக்கிச்சு. பூட்டுனவன் ஒருத்தன், பேச்சு வாங்குறவ நானா? இருடா காசிராசா, உன்னய விட மாட்டேன்டான்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

மனு குடுக்கலையான்னு கேக்காத. குடுத்தேன். 'உள்ளூர்க்காரங்க, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க டீச்சர்'னாக ஆபீசுல. சரி, அனுசரிக்கிறேன்னு வந்தேன்.

மறுநா காலையில பிள்ளைகள வட்டமா உக்கார வச்சேன். பெரிய டம்ளர்ல தளும்பத் தளும்ப மோந்து, அதுக கண்ணு முன்னால மடக்கு மடக்குன்னு தொண்டை ஆடுறது தெரியக் குடிச்சேன். குடிச்சுட்டு டம்ளரத் தலைகீழாக் கவுத்திக் காட்டுனேன். ஒரு சொட்டு விழல. பிள்ளைக அசந்து போச்சு. பூங்கனியும் குடிச்சுக் கவுத்துனா. அப்புறம் பாக்கணுமே! போட்டி போட்டுக் குடிக்குதுக, போட்டி போட்டுக் கவுத்துதுக. பாட்டும் வேணாம் ஆட்டமும் வேணாம். இருவது வருசமா தொண்டைத் தண்ணி வத்தப் பாடுனவ நான், டம்ளரக் கவுத்துனதுல வேல முடிஞ்சுருச்சு.

செத்த நேரத்துல ஒண்ணு நெளிஞ்சுச்சு, இன்னொண்ணு நெளிஞ்சுச்சு. எனக்கும் முட்டிக்கிட்டு வருது. 'வாங்கடா, ரயில் விளையாடுவோம்'னேன். ஒண்ணு சட்டைய ஒண்ணு பிடிச்சுக்கிச்சு. முன்னால இஞ்சின் நான், கடைசிப் பெட்டி பூங்கனி. கூகூன்னு கெளம்பி, ரோட்டத் தாண்டி, நேரா மெம்பர் வீட்டு நடையேறிட்டோம்.

வேலுத்தாயி வாயப் பொளந்துட்டா. 'என்ன டீச்சர் இது?'ங்கிறா. 'சாவி தம்பிகிட்ட இருக்காம்ல மதினி. பிள்ளைகளுக்கு நாளைக்கு வரைக்கும் தாங்காது'ன்னேன். டீக்கடையில அம்புட்டுப் பேரும் பாத்துக்கிட்டு இருக்கான். பச்சைப் பிள்ளைகள விரட்டுனா நாளைக்கு ஓட்டுக் கேக்க எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவாக? வழி விட்டா.

அந்த வீட்டுக் கக்கூஸ் ஊர்ப் பிரசித்தம் தங்கச்சி. பளிங்குக் கல்லு, தங்கக் கலர்ல பைப்பு, மேல உக்கார்ற பீங்கான். விருந்தாளி வந்தா சாமி ரூமக் காட்டுறாளோ இல்லையோ, அதத் தொறந்து காட்டுவா. அதுக்குள்ள மொதல்ல நான் போனேன். கதவச் சாத்தித் தாப்பாப் போட்டு உக்காந்தேன். எனக்கு அழுக வந்துருச்சு. வேலைக்கு வந்த எடத்துல, ஒரு கதவுக்கு உள்ள நிம்மதியா உக்காந்து போறது அதான் மொதத் தடவ. அழுதேன். அழுதுக்கிட்டே, காசிராசா உன் வீட்டுப் பளிங்குலயே போறேன் பாருடான்னு நெனச்சேன். ரெண்டும் சேந்து என்ன சொகம்ங்கிற!

பெறகு தெனமும் ரயில். காலையில ஒண்ணு, சாப்பாட்டுக்கு முன்னால ஒண்ணு, தூங்கி எந்திரிச்சதும் ஒண்ணு. அவ வாசனைச் சோப்ப எடுத்து நான் முழங்கை வரைக்கும் நொரை பொங்கத் தேய்ப்பேன். பிள்ளைகளும் முழங்கை வரைக்கும் தேய்க்கும். சோப்பு ரெண்டே நாள்ல சிப்பியாத் தேஞ்சு போகும். அவளும் சும்மா இருக்கல. நாய அவுத்து விட்டா. பிள்ளைக முட்டையப் பிச்சுப் போட்டு அதச் சிநேகம் பிடிச்சுருச்சு, கடைசியில நாயும் ரயில்ல ஒரு பெட்டி. மோட்டார் ஓடலன்னு தண்ணிய நிறுத்துனா. ஆளுக்கு ஒரு டம்ளர்ல தண்ணி ஏந்திக்கிட்டுப் போனோம். ரோடு பூராச் சிந்திக்கிட்டு. டீக்கடைக்காரன் எங்களப் பாத்து மணி சொல்ல ஆரம்பிச்சுட்டான்.

என் நீர்க்கடுப்பு போன எடம் தெரியல. பூங்கனி ஒதடு ஆறிருச்சு. நிவிஷா ஆஸ்பத்திரியில இருந்து திரும்பி வந்துச்சு, இஞ்சினுக்கு அடுத்த பெட்டி அதுதான். ஜெசிந்தா சிஸ்டர் வந்து பாத்துட்டு, 'பிள்ளைங்க பிரமாதமாத் தண்ணி குடிக்கிறாங்களே, என்ன டீச்சர் செஞ்சீங்க?'ன்னாக. பழி வாங்குறேன்னா சொல்ல முடியும்? 'நீங்க சொன்னதுதான் சிஸ்டர்'னேன்.

ஒருநா மெம்பர் வீட்டுல கறி விருந்து. கட்சி ஆளுக, பக்கத்து ஊர்ப் பெரிய மனுசங்க எல்லாம் வந்திருக்காக. வீட்டுக்குப் பின்னால பந்தல் போட்டுப் பந்தி நடக்குது. நாங்க கூகூன்னு போனோம். காசிராசன் வழிய மறிச்சான். 'இன்னிக்கு ஒருநா விடுங்க டீச்சர்'னு கெஞ்சுறான். பிள்ளைக அது பாட்டுக்கு அவன் காலுக்குள்ள பூந்து ஓடிருச்சு. எத்தன நாளைக்குத்தான் அந்தக் கக்கூஸ் தொட்டி தாங்கும்? ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்குக் கட்டுனது. பொங்கிருச்சு. நேரா பந்திப் பக்கம் வந்துருச்சு. நாத்தம்னா நாத்தம்! வெள்ள வேட்டிக்காரங்க எல்லாம் இலையப் போட்டுட்டு ஓடுறாக. அத நெனச்சா இப்பவும் எனக்கு வயித்துல பால வாத்தாப்புல இருக்கு.

சாயங்காலம் அவனே வந்தான். சாவியக் கையில குடுக்கல. பிள்ளைக முன்னால, என் காலடியில விட்டெறிஞ்சான். 'இந்தா, வச்சு ஆண்டுக்கிட்டு இரு'ன்னான். நான் குனிஞ்சு எடுத்தேன். எடுத்தேன், ஆனா எறிஞ்சத மறக்கல.

'அதான் கெடச்சிருச்சே டீச்சர், விட்டுருங்க'ன்னா பூங்கனி. அவளுக்கு என்ன? அவ காலுலயா எறிஞ்சான்?

சிமிண்டு மூட்டைய எல்லாம் அள்ளி வெளிய போட்டு, கழுவிச் சுத்தம் பண்ணி, புதுப் பூட்டு ஒண்ணு வாங்குனேன். சாவியச் செவப்புக் கயித்துல கோத்துக் கழுத்துல போட்டுக்கிட்டேன். என்ன கேட்ட? பூட்டு எதுக்கா? நல்லாக் கேட்ட போ. தொறந்து போட்டாக் கண்டவனும் நொழைவான். நாயா அலைஞ்சு வாங்குனது. பிள்ளைக கேட்டாத் தொறந்து விடப் போறேன், கழுத்துலதான கெடக்கு.

அப்புறம் சமாதானம் பேச வந்தாக. மெம்பர் மகளோட மகன், தருண்னு ஒரு பய, அப்பத்தான் தாத்தா வீட்டுக்கு வளர வந்திருந்தான். வேன்ல இங்கிலீஷ் நர்சரிக்குப் போய்க்கிட்டிருந்தவன எங்க பால்வாடியில கொண்டாந்து சேத்தாக. வேலுத்தாயியே கையப் பிடிச்சுக் கூட்டியாந்தா. 'இவன் தண்ணியே குடிக்க மாட்டேங்கிறான் டீச்சர். உங்க பிள்ளைகளப் பாத்தாவது குடிக்கட்டும்'னா. சிரிச்ச மொகமாத்தான் பேசுனா. அதுக்கெல்லாம் மசியிற ஆளா நானு?

அவுக வீட்டுத் தொட்டியத் தோண்டிப் போட்டுட்டாக. கொத்தனார் இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்தடிக்கிறான். கக்கூஸ் இல்ல. வேலுத்தாயிக்குச் சக்கரை, அடக்க முடியாது. எப்பிடி வந்து மாட்டுனா பாத்தியா? ஒருநா பிள்ளைகளுக்குச் சுண்டல் குடுத்துக்கிட்டு இருக்கேன், வாசல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு வந்து நிக்கிறா. கால ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு நிக்கிறா. 'டீச்சர், ஒரே ஒருக்க தொறந்து விடுங்க. முடியல'ங்கிறா.

நான் நிமிரல. காத சொரிஞ்சேன். அவன் சொரிவான்ல, அதே மாதிரி. 'சாவி பூங்கனிகிட்ட இருக்கு மதினி. அவ கடைக்குப் போயிருக்கா. நாளைக்கு வாங்க'ன்னேன்.

சாவி என் நெஞ்சுல தொங்குது. அவ அதப் பாத்தா. அந்தத் தருண் பய எந்திரிச்சு, 'டீச்சர், சாவி உங்க கழுத்துல இருக்கு. எங்க அம்மாச்சிக்குக் குடுங்க'ங்கிறான். 'உக்காந்து சுண்டலத் தின்னுடா'ன்னேன். உக்காந்துட்டான்.

அவ திரும்பி நடந்தா. வீடு வரைக்கும் போக முடியல. நடுரோட்டுலயே சேலை நனைஞ்சு போச்சு. டீக்கடை பூராப் பாக்குது, அவ அசையாம நிக்கிறா. நான் களுக்குன்னு சிரிச்சேன். மூணு வருசமாத் தொண்டையில வச்சிருந்த சிரிப்பு. பிள்ளைகளும் சிரிச்சுச்சு. டீச்சர் சிரிச்சா அதுகளும் சிரிக்கும்ல.

என்ன தங்கச்சி, சன்னல் பக்கம் திரும்பிக்கிட்ட? பாவமா இருக்கா? எங்க பாவத்த அவுக பாத்தாகளா? நீயும் பூங்கனி மாதிரிதான் போல. அவளும் அன்னிக்குப் பூரா என்கூடப் பேசல. 'என் பேரச் சொல்லிட்டீகளே டீச்சர்'னு மட்டும் சொன்னா. பேரச் சொன்னா என்ன, தேஞ்சா போகும்?

சரி, மதுரைக்கு எதுக்குப் போறேன்னு கேட்டேல்ல. நிவிஷா மறுபடி ஆஸ்பத்திரியில கெடக்கு.

எல்லாம் அந்த வீட்டாலதான். அந்தத் தருண் பயலாலதான். வந்த எடத்துல ஒரு விளையாட்டு கெளப்பி விட்டிருக்கான். என் சேர்ல ஏறி உக்காந்துக்கிருவான். சோடா மூடிய ஒரு நூல்ல கோத்துக் கழுத்துல தொங்க விட்டுக்கிருவான். மத்த பிள்ளைக எல்லாம் கால பின்னிக்கிட்டு வந்து 'தொறந்து விடுங்க, தொறந்து விடுங்க'ன்னு கெஞ்சணும். இவன் காத சொரிஞ்சுக்கிட்டு, 'சாவி பூங்கனிகிட்ட இருக்கு, நாளைக்கு வா'ங்கணும். ஒடனே எல்லாம் களுக்குன்னு சிரிக்கணும். தெனமும் இதே கூத்து. பின்னால எங்க கக்கூஸுக்குப் போற ரயில் விளையாட்டே போச்சு, கூப்புட்டாலும் வர மாட்டேங்குதுக. தாத்தன் புத்தி அச்சு அசலா அப்பிடியே இருக்கு பாத்தியா? அந்த மெம்பர் சாவி குடுக்காம அலைக்கழிச்சப்ப இந்தப் பய எங்க கண்ணுல கூடப் பட்டதில்ல. எங்கயிருந்து கத்துக்கிட்டான்? ரத்தம் தங்கச்சி. ரத்தத்துலயே வருது.

நிவிஷா சின்னது. விளையாட்டு எது நெசம் எதுன்னு அதுக்குத் தெரியல. நெசமாவே முட்டிக்கிட்டு வந்து நின்னிருக்கு, இவன் நாளைக்கு வான்னுட்டான். என்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்ல? கேக்கல. என்னயப் பாத்துப் பயந்துச்சுன்னு பூங்கனி சொல்றா. என் முந்தானையப் பிடிச்சுக்கிட்டுத் திரிஞ்ச பிள்ளை என்னயப் பாத்து எதுக்குப் பயப்படும்? அந்தப் பய என்னமோ சொல்லி வச்சிருக்கான். அப்புறம் அது தண்ணியவே விட்டுருச்சு. ஒதட்டுல ஒத்துறது, ஆஆங்கிறது, முருங்கமரத்துல ஊத்துறது. மரம் மறுபடி தளதளன்னு நின்னுச்சு, நான் மழையினாலன்னு நெனச்சேன்.

இப்ப ஆஸ்பத்திரியில யார் குடுத்தாலும் வாயத் தொறக்க மாட்டேங்குதாம். இன்னொரு தடவ இப்பிடி வந்தா கிட்னி தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். சோலைமணி என்கூடப் பேசுறதில்ல. ஜெசிந்தா சிஸ்டர்தான் போன்ல சொன்னாக. 'டீச்சர், நீங்க வந்து அது முன்னால உக்காந்து குடிச்சுக் காட்டுங்க. உங்களப் பாத்தாத்தான் குடிக்கும்'னு. அதான் ரெண்டு பாட்டில்ல தண்ணி, கூடையில அந்தப் பெரிய டம்ளரு. அது கண்ணு முன்னால மடக்கு மடக்குன்னு குடிச்சுக் கவுத்திக் காட்டணும். அது ஒரு வாய் குடிச்சுட்டாப் போதும் தங்கச்சி, சாமிக்கு மொட்டையே போடுவேன். எம்பிள்ளை மாதிரி அது.

அது பொழைச்சு வரட்டும். பெறகு இருக்கு அந்த வீட்டுக்கு. இன்னும் நான் ஒண்ணுமே செய்யல.

என்ன அப்பிடிப் பாக்குற? கழுத்துலயா? சாவிதான். அந்தச் சாவியேதான். பூங்கனிகிட்டக் குடுத்துட்டு வந்திருக்கலாம்தான். ஆனா அவ எளகுன மனசுக்காரி, வேலுத்தாயி வந்து நின்னாத் தொறந்து விட்டுருவா. இந்தா, ஏறுனதுல இருந்து போன் மேல போன் அடிச்சுக்கிட்டே இருக்கா, நான்தான் எடுக்கல. சாவிக்குத்தான் அடிப்பா. பிள்ளைகளா? ஒருநாதான தங்கச்சி. அதுக பொறுத்துக்கிரும். நாளைக்குப் போய்த் தொறந்து விட்டாப் போச்சு.

தண்ணிக்கெல்லாம் கொறை வைக்கல. கெளம்புறப்ப நானே முன்னால உக்காந்து, ஆளுக்கு ரெண்டு டம்ளர் குடிக்க வச்சுட்டுத்தான் வந்தேன்.